படலை திறக்கும் சத்தம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



மருத்துவரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். அதுவும் கொஞ்சம் வரும். ஆனால் இன்று பேச நினைத்தது நம் வளவைப் பற்றி.

நாம் படித்த காலத்தில் படலை திறக்கும் சத்தம் கேட்டதும் அம்மாமார் கடைக்கு ஆள் அனுப்பவில்லை. "பிள்ளை, கோடிக்குப் போய் ரெண்டு தேசிக்காய் பிடுங்கிக்கொண்டு வா" என்றார்கள். கிணற்றடி ஈரத்தில் றம்பையும் வல்லாரையும். குசினி வாசலில் கறிவேப்பிலை. வேலியோரம் முருங்கை. மீனுக்கும் நண்டுக்கும் மட்டும்தான் காசு. நண்டுக் குழம்பை இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை. சொதியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே தேசிக்காய்ப் புளி; கொதிக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு மரத்தில் பழுத்த பப்பாசி. வந்தவர் வயிறு நிறைந்து போனார்.

இந்த ஊரில் இது சுலபமாக நடந்ததல்ல. நமக்கு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு கச்சான் காற்று வந்து வாழையிலையைக் கிழிக்கும், பூவை உதிர்க்கும். துறைமுகத்தைச் சுற்றியுள்ள கரையோர வளவுகளில் மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது; கோடையில் கிணறு உவர்க்கும். தென்னையும் மாதுளையும் உவரை ஓரளவு தாங்கும், தேசி தாங்காது. அதனால்தான் குழியின் அடியில் பொச்சுமட்டை அடுக்கி, காற்று படாத சுவரோரம் தேசியை நட்டு, அரிசி கழுவிய தண்ணீரை அதற்கென்றே எடுத்து வைத்தார்கள். இதை அவர்கள் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது நம்மில் பலர் புத்தகப் பையோடு ஊரை விட்டுப் போனோம். சிலர் முகாம்களுக்கு, சிலர் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு. திரும்பி வந்தபோது பல வீடுகளுக்குக் கூரை இல்லை. ஆனால் பற்றைக்குள் கறிவேப்பிலை வேரிலிருந்து கன்று விட்டிருந்தது. முறிந்த முருங்கை துளிர்த்திருந்தது. அந்த வீடுகளுக்கு முதலில் வந்த விருந்தாளிக்கு வைத்தது சோறும் முருங்கையிலைச் சொதியும்தான். அரிசி நிவாரண அரிசி. இலை நம் வளவு இலை. மாதக்கணக்கில் வரிசையில் நின்று வாங்கிய கைகள் அன்றுதான் மறுபடி ஒருவருக்குக் கொடுத்தன. அம்மாமாரின் முகம் அன்று மாறியதை நாம் சிறுபிள்ளைகளாக நின்று பார்த்தோம்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. மூதூர், கிண்ணியாப் பக்கங்களில் கிணறுகள் உப்பாகின. இறைத்து மட்டும் சரிவரவில்லை. மழை மண்ணைக் கழுவும் வரை காத்திருந்துதான் மறுபடி நட்டார்கள்.

2022இல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றோம். அந்த ஜூனில் அரசாங்கம் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தந்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னது. முதலில் சிரித்தோம். பிறகு நம் வளவைப் பார்த்தோம். முற்றம் முழுக்கச் சீமெந்துக் கல். வாகனம் நிறுத்த இடம் வேண்டும், சருகு கூட்ட ஆள் இல்லை என்று தேசி மரத்தைத் தறித்தவர்கள் வேறு யாருமல்ல, நாம்தான். நம்மில் ஒருத்தி வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த அக்காவுக்குப் போத்தல் பானம் ஊற்றிக் கொடுத்தோம். "அந்தத் தேசி மரம் எங்கே?" என்று அவர் கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழும்பிக் குசினிக்குள் போனார்.

இனி மருத்துவர் பேச வேண்டிய பகுதி. சுருக்கமாக நான்கு.

விருந்தினருக்குப் பழத்தை வெட்டிக் கொடுப்போம். பிழிந்து சீனி போட்டுக் கொடுக்க வேண்டாம். வரும் பெரியவர்களில் எத்தனை பேருக்கு நீரிழிவு என்று நமக்குத் தெரியும். தேசிக்காய்த் தண்ணிக்கு ஒரு துளி உப்பே போதும்.

பிலிம்பிக்காயை மீன்கறியில் இரண்டு போடுவது வேறு, சாறாகக் குடிப்பது வேறு. பிலிம்பியிலும் தமரத்தங்காயிலும் ஒட்சலேற்று மிகுதி. சாற்றை அளவுக்கு மீறிக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் உண்டு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் தமரத்தங்காயைத் தொடவே வேண்டாம்.

வல்லாரை, பொன்னாங்காணி நிலத்தோடு படர்பவை. பூனையும் நாயும் நடக்கும் இடம் அது. பச்சைச் சம்பலுக்கு ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவுவோம். மலசலகூடக் குழிக்குப் பக்கத்தில் நட வேண்டாம்.

பூச்சாடியின் அடித்தட்டு, சிரட்டை, தண்ணீர் தேங்கும் எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்ப்போம். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. வளவு விருந்துக்குத்தான், நுளம்புக்கு அல்ல.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் இதை வாசிக்கப்போகும் தோழியருக்கும் சொல்ல வேண்டும். வளவு இல்லாவிட்டாலும் வெயில் விழும் யன்னல் இருக்கும். கறிவேப்பிலை சாடியில் வளரும். பனி விழும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள், குளிர்காலத்தில் தண்ணீரைக் குறையுங்கள். இலை கொட்டினாலும் உடனே எறிந்துவிட வேண்டாம், வெயில் வர அநேகமாகத் துளிர்க்கும். கற்பூரவள்ளிக்கு ஒரு தண்டு போதும்.

நூற்றாண்டுக்குக் கல்லில் பெயர் பொறிப்பது நல்லதுதான். அதோடு இன்னொன்றும் செய்வோம். ஒக்டோபர் முதல் மழைக்கு, ஆளுக்கொரு தேசி ஒட்டுக்கன்று. நான்கு சீமெந்துக் கல்லைக் கிளப்பினால் இடம் வந்துவிடும். மூன்று வருடமளவில் காய்க்கத் தொடங்கும். நடும்போது அம்மாவையோ அம்மம்மாவையோ பக்கத்தில் கதிரை போட்டு இருத்துங்கள். குழி எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் நிழல், எந்தத் தண்ணீர் விடக்கூடாது என்று அவர்கள் சொல்வார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வோம்.

அந்த அக்கா மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார். கன்று வைத்தாயிற்று.