பள்ளிக்கூடத்து இலக்கணமும் வீட்டுத் தமிழும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்ட பொருள் அத்துணைப் பெரியதன்று. நம் குழந்தைகள் ஆங்கில வகுப்பில் கற்கும் சில சொற்களைப் பற்றியே பேச விழைகின்றோம். நவுன், வெர்ப், சிமிலி, மெட்டபர், அலிட்டரேஷன் என்னும் இச்சொற்கள் மாலை நேரங்களில் நம் வீடுதோறும் ஒலிக்கின்றன. குழந்தைகள் அவற்றின் இலக்கணத்தை உரக்கப் படித்து மனப்பாடம் செய்கின்றனர். ஆனால் பொருளை உணர்கின்றனரா? அதுவே எங்கள் வினா.

நம் குடியிருப்பில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகின்றோம். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் தேர்வில் மெட்டபரைச் சிமிலி என்று எழுதி மதிப்பெண் இழந்து வந்தான். அவன் அன்னையார் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு வரை பயின்றவர். மகனுக்கு உதவ எண்ணி அருகில் அமர்ந்தார். “உனக்கு இதெல்லாம் தெரியாது அம்மா, இது இங்கிலீஷ் கிராமர்” என்று மகன் கூறிவிட்டான். அவரும், “ஆம், எனக்கு எங்கே தெரியப்போகிறது!” என்று எழுந்து அடுக்களைக்குச் சென்றுவிட்டார். உவமையையும் உருவகத்தையும் எடுத்துக்காட்டோடு படித்து, தேர்வில் எழுதி, நல்ல மதிப்பெண் பெற்றவர் அவ்வம்மையார்! மகன் கேட்டது அவர் அறிந்த பொருளைத்தான். பெயர் மட்டுமே வேறு. தமக்குத் தெரிந்ததைத் தெரியாதென்று எண்ணி எழுந்து சென்றார் அத்தாய். இதனை எங்களிடம் கூறியபோது அவர் கண் கலங்கினார். இந்நிகழ்ச்சியே இவ்வுரைக்குக் காரணம்.

முதற்கண் அவ்வுருவகத்தையே எடுத்துக்கொள்வோம். ‘நிலவு போன்ற முகம்’ என்றால் உவமை. ஆங்கிலத்தார் இதனைச் சிமிலி என்பர். ஒப்பு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ‘லைக்’, ‘ஆஸ்’ என்னும் சொற்கள் ஆங்கிலத்தில் அவ்வொப்பைக் காட்டும். நம் மொழியில் போல, அன்ன, ஒப்ப முதலியன காட்டும். உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை அகற்றி, இரண்டும் ஒன்றே எனக் கூறுவது உருவகம். அதுவே மெட்டபர். தமிழில் இவ்விரண்டின் வேறுபாட்டையும் இரண்டே சொற்களைக்கொண்டு காட்டிவிடலாம். ‘மதிமுகம்’ என்றால் மதி போன்ற முகம்; உவமைத்தொகை. அச்சொற்களையே முன்பின்னாக மாற்றி ‘முகமதி’ என்றால் முகமாகிய மதி; உருவகம். ‘மலர்க்கண்’ உவமை, ‘கண்மலர்’ உருவகம். இதனை ஒருமுறை உணர்ந்த குழந்தை இவ்விரண்டையும் மாற்றி எழுதுமோ?

நூல் வேண்டாம், அடுக்களையே போதும் என்பார்க்கும் எடுத்துக்காட்டு உண்டு. “இட்டலி பூப்போல் இருக்கிறது” என்று நாம் உண்ணும்போது கூறுவது சிமிலி. “என் கண்ணே, என் தங்கமே” என்று தாய் குழந்தையை அழைப்பது மெட்டபர். அக்குழந்தை தொட்டிலில் கேட்ட முதற்சொல்லே உருவகமாயிருக்க, ஏழாம் வகுப்பில் அதனை அயற்பொருள் என்று அஞ்சுவது ஏன்?

மெட்டபர் என்பது கிரேக்கச் சொல். ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லுதல் என்பது அதன் பொருள். ஒரு பொருளுக்குரிய பெயரை எடுத்து மற்றொன்றின்மேல் வைப்பதால் அப்பெயர் வந்தது. இடமாற்ற ஆணையைப் பெற்று மூட்டை முடிச்சுடன் இவ்வூருக்கு வந்தவர் பலர் இங்கே அமர்ந்திருக்கின்றனர். அவர்கட்கு இச்சொல்லை வேறு விளக்க வேண்டுவதில்லை!

இனி இலக்கணத்துக்கு வருவோம். கிரேக்க இலக்கணியர் சொற்களை எட்டு வகையாகப் பகுத்தனர். உரோமர் அதனைத் தம் மொழிக்கு ஏற்றவாறு மாற்றிக்கொண்டனர். அவ்வழியே ஆங்கில இலக்கணத்துக்கும் அப்பகுப்பு வந்தது. தமிழிலோ தொல்காப்பியர் பெயர், வினை, இடை, உரி எனச் சொற்களை நான்காகப் பகுத்தார். அவற்றுள்ளும் பெயரும் வினையுமே தலைமையானவை என்றார். நவுன் என்பதன் மூலமாகிய இலத்தீன் சொல்லுக்குப் பெயர் என்பதே பொருள். நாமும் பெயர்ச்சொல் என்றே கூறுகின்றோம். வெர்ப் என்பதன் மூலச்சொல்லுக்கோ சொல் என்பதே பொருள். அஃது எச்சொல் என்பதை மாணவன் தனியே கற்க வேண்டும். வினைச்சொல் என்னும் நம் பெயரோ செயலைக் குறிப்பது என்பதைத் தானே அறிவித்துவிடுகிறது.

டிரான்சிடிவ், இன்டிரான்சிடிவ் என்பவற்றைக் கண்டு மருளாத மாணவர் குறைவு. தமிழில் அவை செயப்படுபொருள் குன்றா வினை, செயப்படுபொருள் குன்றிய வினை. பெயர் நீண்டதுதான், ஆயினும் பெயருக்குள்ளேயே விளக்கம் இருக்கிறது. ‘உண்டான்’ என்றால் எதை என்று கேட்கலாம். சோற்றை என்று விடை வரும். ‘தூங்கினான்’ என்றால் எதை என்று கேட்க இயலாது. இவ்வொரு வினாவைக் கற்பித்துவிட்டால் எம்மொழி வாக்கியமாயினும் குழந்தை தடுமாறாது.

‘ஹி கோ’ என்று பிழைபட எழுதும் பிள்ளைகட்கும் தமிழ் துணை செய்யும். எழுவாய்க்கு ஏற்ப வினையின் விகுதி மாறுவது நமக்குப் பழக்கமானது. அவன் வருகிறான், அவள் வருகிறாள், அவர்கள் வருகிறார்கள் என்று எத்தனை மாற்றம்! ஆங்கிலத்தில் பெரும்பாலான வினைகளில் நிகழ்காலத்துப் படர்க்கை ஒருமை ஒன்றில்தான் விகுதி சேர்கிறது. “நம் மொழியில் எங்கும் மாறுவது அங்கே ஓரிடத்தில்தான் மாறுகிறது, அவ்வோரிடத்தையாவது மறவாதே” என்று தாய் கூறினால் பிள்ளை சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்ளும்.

ஆனால் ஒன்றை வற்புறுத்திக் கூற வேண்டும். ஆங்கிலத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் நம்மிடம் அப்படியே ஓர் இணை உண்டு என்று நாம் பெருமை பேசலாகாது. அது குழந்தையைத் தவறான வழியில் செலுத்தும். பிரிபொசிஷன் என்பதற்கு முன் வைக்கப்படுவது என்று பொருள். நமக்கோ அப்பொருள் பெயரின் பின் வரும் உருபாலும் சொல்லாலும் அமைகிறது. ‘மேசையின்மேல்’ என்பதில் ‘மேல்’ பின்னே நிற்கிறது. பள்ளியில் கற்கும் இந்தியிலும் ‘பர்’ பின்னே நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘ஆன்’ முன்னே நிற்கிறது. இவ்வேறுபாட்டைக் காட்டுவதே உண்மையான கல்வி. அவ்வாறே, ‘எ’, ‘தி’ என்னும் ஆர்ட்டிகிள்களுக்கு நேரான இலக்கணப் பகுப்பு தமிழில் இல்லை. இல்லாததை இல்லை என்று கூறுவதில் இழுக்கில்லை. நம் வினைத்தொகையைப் போன்றதொன்றும் ஆங்கிலத்தில் இல்லை. ‘ஊறுகாய்’ என்னும் ஒரு சொல்லில் ஊறின காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலமும் அடங்கியிருப்பதை அவர்கள் பல சொற்களால்தான் கூற வேண்டும்.

செய்யுளிலும் இவ்வெச்சரிக்கை வேண்டும். ரைம் என்றதும் எதுகை என்று கூறிவிடுகின்றோம். எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. முதலெழுத்து அளவொத்து நிற்பது. ஆங்கில ரைமோ பெரும்பாலும் அடியின் இறுதியில் அமைவது. ஆதலின் அதற்கு இயைபே நெருங்கிய உறவு. அலிட்டரேஷனுக்கு மோனை நெருங்கியது. பழைய ஆங்கிலச் செய்யுளில் இன்றைய ரைமைவிட அலிட்டரேஷனே யாப்பின் உயிராக இருந்தது. அங்கே எந்த உயிரெழுத்தும் எந்த உயிரெழுத்துக்கும் மோனையாக நிற்கலாம். நம்மிடம் அத்துணை உரிமை இல்லை. அ, ஆ, ஐ, ஔ ஓரினம். இ, ஈ, எ, ஏ ஓரினம். உ, ஊ, ஒ, ஓ ஓரினம் என வரையறை உண்டு. தொலைவிலுள்ள இரு மொழிப் புலவர்களும் முதலொலியின் இனிமையைத் தனித்தனியே கண்டனர் என்பது மாணவர் அறிந்து மகிழத்தக்க செய்தியன்றோ?

பெர்சானிபிகேஷன் என்றதும் தற்குறிப்பேற்றம் என்பாரும் உளர். அதுவும் முற்றும் பொருந்தாது. உயிரற்றதை மாந்தராக்கிப் பேசுவது முன்னது. இயல்பாக நிகழும் ஒன்றின்மேல் புலவன் தன் கருத்தை ஏற்றிக் கூறுவது பின்னது. கோவலனும் கண்ணகியும் மதுரையை அணுகும்போது மதிற்கொடிகள் காற்றில் அசைந்தன. அவை ‘வாரல்’ எனக் கைகாட்டி மறித்தன போலும் என்று இளங்கோவடிகள் பாடினார். கொடி அசைந்தது இயல்பு. தடுத்தது புலவன் உள்ளம். இச்செய்தியை ஓரிரவு தந்தையொருவர் கதையாகக் கூறினால் அக்குழந்தை அணியையும் அறியும், சிலம்பையும் அறியும்.

நம் பிள்ளைகள் இங்கே மூன்று மொழிப் பெயர்களைச் சுமக்கின்றனர். ஆங்கில வகுப்பில் நவுன், இந்தி வகுப்பில் சங்க்யா, சங்கத்துத் தமிழ் வகுப்பில் பெயர்ச்சொல். மூன்றும் ஒன்றென்று கூறுவார் இல்லாவிடில் அது மும்மடங்கு சுமை. கூறுவார் இருப்பின் ஒன்றைக் கற்று மூன்றிலும் பயன்பெறலாம். தேர்வில் ஆங்கிலப் பெயரையே எழுதட்டும். அதில் நமக்குத் தடையில்லை. பொருளை மட்டும் வீட்டு மொழியில் உணரட்டும்.

ஆகவே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் கோடிடுங்கள். வாரத்துக்கு இரண்டு சொற்கள் போதும். ஆங்கிலப் பெயர், தமிழ்ப் பெயர், வீட்டில் பேசும் பேச்சிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. பொருந்தாத இடத்தில் ‘முற்றும் பொருந்தாது’ என்று எழுதுங்கள். தமிழெழுத்தை அறியாத குழந்தையும் தன் அன்னையின் எடுத்துக்காட்டைத் தமிழில் எழுத விரும்பும். அவ்விருப்பமே எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் முதற்படி.

முன்னர்க் கூறிய அன்னையாரை மறந்துவிடவில்லை. நாங்கள் தூண்டியதன்பேரில் அவர் ஒரு மாலை மகனிடம் ‘முகமதி’யையும் ‘மதிமுக’த்தையும் எழுதிக் காட்டினார். சிறுவன் சற்று நேரம் நோக்கியிருந்து, “இது உனக்கு முன்பே தெரியுமா அம்மா?” என்று கேட்டானாம். அடுத்த தேர்வில் அவன் எத்தனை மதிப்பெண் பெற்றான் என்று நாங்கள் கேட்கவில்லை. இப்பொழுது பாடநூலை எடுத்துக்கொண்டு அவன் அடுக்களை வாயிலில் வந்து அமர்கிறான் என்று மட்டும் அறிந்தோம். அதுவே எங்கட்குப் போதும்.