வேலையோடு ஒரு எம்.பி.ஏ.: எதைப் பார்த்துத் தெரிவது?

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர்கள் பேச வந்தால் நீரிழிவும் இரத்த அழுத்தமும்தான் வரும் என்று நினைத்திருப்பீர்கள். அவற்றை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். சங்கத்தில் தொழில் வழிகாட்டலைக் கவனித்துவரும் எங்களிடம் தங்கைமார் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, வேலையை விடாமல் எம்.பி.ஏ. படிக்கப் போகிறேன். எது நல்லது?" கேட்பவர்களில் வங்கியில் வேலை செய்பவர் இருக்கிறார், தோட்டக் காரியாலயத்தில் இருப்பவர் இருக்கிறார், தாதி இருக்கிறார், ஆடைத் தொழிற்சாலையில் ஆள் சேர்க்கும் பகுதியில் இருப்பவர் இருக்கிறார், ஆசிரியை இருக்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இன்று எல்லோருக்குமாகச் சொல்கிறோம்.

இது சின்னக் கேள்வி அல்ல. இரக்வானை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கத்து லயங்களிலிருந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர்கள் நாங்கள். எங்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரி. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டில்தான் 1000 ரூபாவானது. ஒரு படிப்புக்கு ஐந்து இலட்சம் ரூபா கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கில் அது 500 நாள் பிரட்டுக்குப் போய் எடுத்த சம்பளம். அந்தப் பணத்தை எங்கே கொண்டுபோய்க் கட்டுகிறோம் என்பதை நாளிதழ் விளம்பரத்தைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது.

முதலில் கேட்க வேண்டியது, 'எந்த எம்.பி.ஏ.' என்பதல்ல. 'எனக்கு வேண்டியது எம்.பி.ஏ. தானா' என்பதே. நாங்கள் போக விரும்பும் பதவி எந்தத் தகைமையைக் கேட்கிறது என்று அந்தப் பதவியின் சேவைப் பிரமாணத்தை எடுத்து வாசிக்க வேண்டும். எங்கள் தொழிலையே பாருங்கள். அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் நிருவாகத்துக்குப் போக விரும்பும் வைத்தியருக்கு உரிய வழி, பட்டப்பின் மருத்துவ நிறுவனம் நடத்தும் மருத்துவ நிருவாக முதுமாணி. எம்.பி.ஏ. எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அந்தக் கதவை அது திறக்காது. அதிபர் சேவைக்கோ கல்வி நிருவாக சேவைக்கோ போக நினைக்கும் ஆசிரியைக்கு அந்தச் சேவைகளின் போட்டிப் பரீட்சையும் கல்வித்துறைப் பட்டப்பின் படிப்பும் முக்கியம். வங்கியில் இருப்பவருக்கு இலங்கை வங்கியாளர் நிறுவகத்தின் பரீட்சைகள் இருக்கின்றன. தோட்டத்துறையில் மேலே வர விரும்புகிறவருக்கு அத்துருகிரியவில் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவனம் இருக்கிறது. இவற்றையெல்லாம் பார்த்த பிறகும், 'நான் ஆட்களையும் பணத்தையும் ஒரு பகுதி முழுவதையும் பொறுப்பெடுத்து நடத்தப் போகிறேன், அதற்கு இந்தப் படிப்பு வேண்டும்' என்று தோன்றினால் எம்.பி.ஏ.யைப் பற்றி யோசியுங்கள்.

அடுத்தது 'எக்ஸிகியூட்டிவ்' என்ற சொல். அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகம் 1943இல், போர்க்காலத்தில், ஏற்கெனவே முகாமையாளராக வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்காகத் தொடங்கிய வகுப்பிலிருந்து வந்த வழக்கம் இது. அங்கே வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கும் எம்.பி.ஏ. ஒன்று, வேலையில் இருந்தபடி படிக்கும் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. வேறொன்று. எங்கள் நாட்டில் அந்த வேறுபாடு மங்கலானது. இங்கே எம்.பி.ஏ. படிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் வேலையில் இருப்பவர்கள்; வகுப்பும் வார இறுதியில்தான். ஆகவே பெயரில் அந்தச் சொல் இருக்கிறதா என்று தேட வேண்டாம். வகுப்பு எப்போது, அனுபவம் எத்தனை வருடம் கேட்கிறார்கள், கூடப் படிப்பவர்கள் யார் என்று கேளுங்கள். பத்து வருடம் வேலை பார்த்த ஒருவர் நேற்றுப் பட்டம் பெற்றவர்கள் நிறைந்த வகுப்பில் உட்கார்ந்தால், கற்றுக்கொள்வதைவிடக் கற்றுக்கொடுப்பதே அதிகமாகிவிடும்.

மூன்றாவது அங்கீகாரம். இதில் ஏமாந்தவர்களை நாங்கள் அறிவோம். எங்கள் சங்கத்துத் தங்கை ஒருவர் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகைகளை எல்லாம் அடகு வைத்து ஒரு படிப்பை முடித்தார். பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோது அந்தப் பட்டம் ஏற்கப்படவில்லை. பட்டமளிப்புப் படம் இன்னும் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது, நகை மீளவில்லை. அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம்.

அங்கீகாரத்தைப் பார்ப்பது கடினமல்ல. உள்நாட்டுப் பட்டமானால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் வரும் பல்கலைக்கழகமா, அல்லது அந்தச் சட்டத்தின்படி பட்டம் வழங்க அனுமதி பெற்ற நிறுவனமா என்று பாருங்கள். நிறுவனத்துக்கு அனுமதி இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் படிக்கப் போகும் அதே பட்டத்துக்கு அனுமதி இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இங்கேயுள்ள நிறுவனம் நடத்துகிறதென்றால், அந்தப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று பாருங்கள். அதை ஆணைக்குழுவுக்கே எழுதிக் கேட்கலாம். பதில் எழுத்தில் வரட்டும். அனுமதிக் கட்டணம் அதற்குப் பிறகு கட்டலாம். 'இந்த வாரம் சேர்ந்தால் கழிவு' என்று அவசரப்படுத்துகிறவரிடம் இன்னும் கொஞ்சம் மெதுவாகவே நடந்துகொள்ளுங்கள்.

நான்காவது மட்டம். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் எல்லாப் படிப்புக்கும் ஒரு மட்டம் இருக்கிறது. சாதாரண தரம் ஒன்றாம் மட்டம், உயர்தரம் இரண்டாம் மட்டம், கலாநிதிப் பட்டம் பன்னிரண்டாம் மட்டம். பட்டப்பின் டிப்ளோமா எட்டு. பாடங்களால் மட்டும் ஆன முதுமாணி ஒன்பது. அதற்குக் குறைந்தது 30 கிரெடிட். பாடத்தோடு ஆய்வும் சேர்ந்த முதுமாணி பத்து. அதற்குக் குறைந்தது 60 கிரெடிட். இரண்டையும் எம்.பி.ஏ. என்றுதான் அழைப்பார்கள். பிற்காலத்தில் கலாநிதிப் பட்டம் வரை போக எண்ணமுள்ளவர் ஆய்வு உள்ளதைத் தெரிவது நல்லது. அலுவலகத்தில் முன்னேறுவதே நோக்கமென்றால் ஒன்பதாம் மட்டம் போதுமா என்று உங்கள் நிறுவனத்திடம் கேளுங்கள். போதுமென்றால் எதற்கு இரட்டைப் பாரம்?

இந்தக் கிரெடிட் கணக்கை வைத்தே நேரத்தையும் பார்க்கலாம். பாடத்துக்கான ஒரு கிரெடிட் 50 மணித்தியாலப் படிப்பு. அதில் வகுப்பும் வரும், வீட்டில் வாசிப்பதும் எழுதுவதும் வரும். 30 கிரெடிட் என்றால் 1500 மணித்தியாலம். இரண்டு வருடத்தில் முடிப்பதானால் கிழமைக்கு 14 மணித்தியாலத்துக்கு மேல். வகுப்பில் ஏழு மணித்தியாலம் போனால் இன்னொரு ஏழு வீட்டில் வேண்டும். அந்த ஏழு மணித்தியாலம் யாருடைய நித்திரையிலிருந்து வரப் போகிறது? எங்கள் கிளினிக்குக்கு வரும் படித்த பெண்களில் தலையிடி, இரத்தசோகை, நித்திரையின்மை என்று வருகிறவர்களின் நாளைக் கேட்டுப் பார்த்திருக்கிறோம். காலை நான்கு மணிக்கு எழும்பிச் சமைத்து, பிள்ளையை அனுப்பி, வேலைக்குப் போய், வந்து சமைத்து, பதினொரு மணிக்குப் புத்தகத்தைத் திறக்கிறார்கள். சேர்வதற்கு முன் வீட்டாரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சமையல் யாருடையது, பிள்ளையின் பாடத்தை யார் பார்ப்பது, அம்மாவை கிளினிக்குக்கு யார் கூட்டிப்போவது என்று பெயர் பெயராகத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: பிள்ளைப்பேறு வந்தால், நோய் வந்தால், பதிவை ஒரு வருடம் ஒத்திவைக்கலாமா, அதற்கு மேலதிகக் கட்டணம் உண்டா? ஆண்கள் கேட்க மறக்கும் கேள்வி இது. நாங்கள் மறக்கக் கூடாது.

நேரத்தோடு சேர்ந்தது வழித்தூரம். இரத்தினபுரியிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர். இந்தப் பக்கம் ஓடிய இரயிலை 1970களில் நிறுத்திவிட்டார்கள். அவிசாவளைக்கு இப்பால் பஸ்தான். போகவர ஆறு மணித்தியாலம் என்றால் ஞாயிறு முழுவதும் போய்விடும். மே மாதத்தில் களுகங்கை பெருகினால் அந்தக் கிழமை வகுப்பும் இல்லை. கொழும்பில் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து 1986இல் உருவான பட்டப்பின் முகாமைத்துவ நிறுவனத்துக்கும் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கும் பெரிய பெயர் இருக்கிறது. ஆனால் பெயரோடு பயணத்தையும் சேர்த்தே நிறுக்க வேண்டும். எங்கள் மாகாணத்திலேயே பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கேகாலைக்காரருக்குக் கொழும்பைவிடப் பேராதனை கிட்ட. நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகம், இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் நாடுகளின் திறந்த பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து பொதுநலவாய எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. என்ற படிப்பையே நடத்திவந்தது. வேலையில் இருப்பவர் வீட்டிலிருந்து படிப்பதற்காகவே எழுதிய பாடநூல்கள் அதற்கு. வகுப்பு எங்கே, எத்தனை நாள் நேரில் வர வேண்டும், எத்தனை நாள் சூமில் என்று ஒவ்வோர் இடத்திலும் கேளுங்கள். சூமில் என்றால் உங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

இனிப் பணம். கட்டணம் ரூபாவிலா, பவுணிலா? 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியதை எல்லோரும் அனுபவித்தோம். வெளிநாட்டு நாணயத்தில் தவணை கட்டிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நின்றார்கள். முடிந்தால் முழுக் கட்டணமும் ரூபாவில் எழுதப்பட்ட படிப்பைத் தெரியுங்கள். நிறுவனம் பணம் தருகிறதென்றால் சந்தோஷம். ஆனால் எத்தனை வருடம் அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். சீட்டுப் பணத்தில் முதல் தவணையைக் கட்டலாம். நுண்கடன் எடுத்துப் படிக்க வேண்டாம். அந்த வட்டியோடு எந்தச் சம்பள உயர்வும் ஓடி வெல்லாது.

ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நாங்கள் தமிழ்மொழி மூலம் படித்தவர்கள். எம்.பி.ஏ. எங்கும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். வகுப்பில் விளங்கும்; இரண்டாயிரம் சொல்லில் ஒப்படை எழுதச் சொன்னால் கை நிற்கும். இது மூளையின் குறை அல்ல, பழக்கத்தின் குறை. சேர்வதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே தினமும் ஒரு பக்கம் வணிகச் செய்தி வாசியுங்கள், அரைப் பக்கம் எழுதுங்கள். மொழிக்குப் பயந்து தரம் குறைந்த படிப்பைத் தெரிந்தெடுக்காதீர்கள்.

கடைசியாக, விண்ணப்பிக்கும் முன் அந்தப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் ஒரு பெண்ணைத் தேடிப் பேசுங்கள். விரிவுரையாளர்கள் நேரத்துக்கு வருகிறார்களா, ஆய்வுக்கு வழிகாட்டுகிறவர் தொலைபேசியை எடுக்கிறாரா, தொடங்கியவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்? கையேட்டில் இல்லாத பதில் அவரிடம் இருக்கும்.

சகோதரிகளே, எங்கள் சிறுவயதில் 'நிருவாகம்' என்றால் மேட்டில் இருந்த பங்களா, காரியாலயத்து யன்னல், அங்கே நின்று பெயர் கூப்பிட்டவர். 1992இல் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளிடம் போனபோதும் யன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் எங்கள் அம்மாமார்தான். இன்று அவர்களின் பிள்ளைகள் வங்கியில், வைத்தியசாலையில், தொழிற்சாலையில் முடிவெடுக்கும் மேசைக்கு அருகே வந்திருக்கிறோம். அந்த மேசையில் இருப்பவருக்குக் கணக்கும் தெரிய வேண்டும், வெளியே வரிசையில் நிற்பவரின் முகமும் தெரிய வேண்டும். முதலாவதை ஒரு நல்ல படிப்பு கற்றுத்தரும். இரண்டாவது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் சேர்க்கும் படிப்பைத்தான் தேட வேண்டும். பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்தைச் சேர்ப்பதை மட்டும் அல்ல.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சென்னையிலும் இருந்து வந்திருக்கும் அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். பணம் தருவது இரண்டாம் பட்சம். மாதத்தில் ஒரு மணித்தியாலம் தாருங்கள். ஒரு தங்கையின் விண்ணப்பத்தை வாசித்துத் திருத்துங்கள், நேர்முகப் பரீட்சைக்கு ஆங்கிலத்தில் பேசிப் பழக்குங்கள், அவர் சேரப் போகும் நிறுவனத்தைப் பற்றி விசாரித்துச் சொல்லுங்கள். உதவ விரும்புவோர் இன்றே சங்கச் செயலாளரிடம் பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள். நூறு வருடமாக இந்தப் பள்ளிக்கூடம் செய்துவந்த வேலையை வெளியே இருந்து நாம் தொடர்வதற்கு அது போதும்.