ஈவதற்கு முன் வினவுவோம்

(வெள்ளி விழா இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நம் பெற்றோர் காலத்தில் நன்கொடை என்றால் பிறர் கொடுப்பது, நாம் பெறுவது என்றே பொருள். இன்று அந்நிலை மாறியிருக்கிறது. நம் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் வங்கி ஊழியர்களாகவும் பொறியாளர்களாகவும் மாதச் சம்பளம் பெறுகின்றனர். அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளாகிய ஏப்ரல் 14 நெருங்கினால், ரசீதுப் புத்தகத்தோடு வருவோர் நம் வாயிலையும் தட்டுகின்றனர். கைப்பேசியைத் திறந்தாலோ, உதவி வேண்டும் செய்திகள் நாள்தோறும் வந்து குவிகின்றன. கொடுக்கும் கை நமக்கும் வாய்த்துவிட்டது. ஆகவே, எவர்க்குக் கொடுப்பது, எதை அறிந்து கொடுப்பது என்னும் கல்வியும் நமக்கு வேண்டியதாகிறது.

நன்கொடை கேட்டு வருபவரிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் சரியன்று. சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். மக்களிடம் பொருள் திரட்டியே அத்தகைய பணிகள் வளர்ந்தன. அவற்றின் மெய்யான முதலீடு மக்களின் நம்பிக்கையே. ஒரு போலி அமைப்பு ஊரை ஏமாற்றிவிட்டால், அடுத்து வரும் நேர்மையான தொண்டருக்கும் கதவு சாத்தப்படும். அதனால் படிப்பை நிறுத்துவது ஓர் ஏழை மாணவியாகத்தான் இருக்கும். ஆதலால், வினவுதல் ஈகைக்குப் பகையன்று, காவல் என்று கொள்வோம்.

எவற்றை வினவுவது? முதலாவது, அவ்வமைப்பின் பதிவு. தமிழ்நாட்டில் சங்கங்கள் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறுகின்றன. அறக்கட்டளைகளுக்கு எழுதிப் பதிவு செய்த ஆவணம் உண்டு. பதிவு எண்ணையும் நிர்வாகிகள் பெயரையும் கேட்பதில் தவறில்லை. நிதி ஆயோக்கின் ‘தர்ப்பண்’ இணையதளத்திலும் தொண்டு நிறுவனங்கள் பலவற்றின் விவரங்களைக் காணலாம். ஆயினும், பதிவு எண்ணும் வரிச்சலுகைச் சான்றும் ஓர் அமைப்பு சட்டப்படி இருக்கிறது என்பதையே காட்டும்; அது நற்பணி செய்கிறது என்பதைக் காட்டமாட்டா. வரிச்சலுகையை நாடுவோர், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகக் கொடுத்தால் அச்சலுகை கிட்டாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்கு. வரவு எங்கிருந்து வந்தது, செலவு எதற்கு ஆயிற்று என்று வரி வரியாகப் பார்ப்போம். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சம்பளச் செலவு மிகுதியாக இருப்பதனாலேயே ஓர் அமைப்பைக் குறை கூறுதல் ஆகாது. மாலை நேரப் பாடசாலை நடத்தும் அமைப்புக்கு ஆசிரியர் சம்பளமே பணி. ஆனால், விழா மேடைக்கும் விளம்பரப் பலகைக்கும் பெருந்தொகை சென்று, மாணவர்க்கு நோட்டுப் புத்தகங்கள் மட்டும் சென்றிருந்தால் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, பணியின் பயன். எத்தனை பேருக்கு உதவினோம் என்னும் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், அவர்களுள் எத்தனை பேர் படிப்பை முடித்தனர் என்று கேட்போம். நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை இதனினும் ஆழமான வினா ஒன்று உண்டு. பட்டியல் வகுப்பு மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் 1944ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் உரிய காலத்தில் பெறாமலோ, வங்கிக் கணக்கு விவரம் பிழைபட்டோ அவ்வுரிமையை இழக்கும் பிள்ளைகள் உண்டு. நூறு பேருக்குப் பேனா வழங்கும் அமைப்பைவிட, பத்துப் பேரை உட்கார வைத்து அவ்விண்ணப்பத்தை நிறைவுறச் செய்யும் அமைப்பு மேலானது. அரசு தரக் கடமைப்பட்டதைப் பெற்றுத் தருவதும் அறமே.

நான்காவது, மானம். நம் பிள்ளைகளைக் கிழிந்த சட்டையோடு நிறுத்திப் படமெடுத்து, அப்படத்தைக் காட்டிப் பொருள் திரட்டும் அமைப்புக்கு நாம் ஒரு காசும் கொடுக்கலாகாது. பெற்ற பக்கத்தில் நின்றறிந்தவர்கள் நாம். தலை குனிய வைத்துத் தரப்படும் உதவி எத்தகையது என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

கைப்பேசியில் வரும் மருத்துவ உதவி வேண்டுகோள்களை மற்றவர்க்கு அனுப்புவதற்கு முன், மருத்துவமனையைத் தொடர்புகொண்டு உண்மையறிவோம். இயன்றால் மருத்துவமனைக் கணக்கிலேயே தொகையைச் செலுத்துவோம். அக்குடும்பம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பயன்பெற இயலுமா என்று பார்த்துச் சொல்வதும் பேருதவியே.

காகிதம் மட்டும் போதாது, கண்ணாலும் காண வேண்டும். சேரியின் ஓரத்தில் ஒரு கூரைக்கடியில் இருபது பிள்ளைகளுக்கு இரவுதோறும் பாடம் சொல்லும் இளைஞரிடம் அச்சிட்ட அறிக்கை இராது. அவரைத் தள்ளிவிடாமல், கணக்கு எழுதவும் பதிவு பெறவும் துணை நிற்போம். வழுவழுப்பான தாளில் அறிக்கை அச்சிடும் பெரிய நிறுவனத்தையும் நேரிற் சென்று பார்த்த பின்னரே நம்புவோம்.

இவ்வளவும் ஒருவரால் ஆகுமா என்று கேட்கலாம். இருபது பேர் கூடினால் ஆகும். மாதம் 500 ரூபாய் வீதம் இருபது பேர் சேர்த்தால் ஆண்டில் 1,20,000 ரூபாய். இருவர் கணக்கைப் படிக்கட்டும். இருவர் நேரிற் சென்று காணட்டும். அனைவரும் கூடி முடிவெடுக்கட்டும். பத்து இடங்களுக்குச் சிறிது சிறிதாகச் சிதறுவதைவிட, தேர்ந்த ஓரிரு பணிகளுக்கு ஆண்டுதோறும் கொடுத்து, ஆண்டு முடிவில் மீண்டும் வினவுவதே நன்று.

இறுதியாக ஒன்று. இவ்வினாக்களை முதலில் நம் சங்கத்தையே கேளுங்கள். கணக்குப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். நாம் உதவிய மாணவர்கள் இன்று எங்கே இருக்கின்றனர் என்று பொதுக்குழுவில் எழுந்து கேளுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகக் கொடுத்த பெரியோர்க்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவே. கேட்டறிந்து கொடுப்போம், கொடுத்த பின்னும் கேட்போம்.