ஃபேன்சி நகையும் நம்ம பிள்ளைங்களும்



எனக்கு மேடை புதுசு. பையைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாகப் போய்ப் பேசித்தான் பழக்கம். குழுவில் 15,000 ரூபாய் கடன் வாங்கி, கம்மல், செயின், வளையல் என்று கலசப்பாக்கத்திலும் மலை ஊர்களிலும் நாலு வருஷமா விற்கிறேன். பௌர்ணமிக்குப் பர்வதமலை ஏற வரும் கூட்டத்தில் கடை போட்டால் ஒரு மாசத் தவணை தேறிடும். அதிலும் குழந்தைங்க சாமான்தான் நல்லா ஓடும். டாலர் வைத்த செயின் 20 ரூபாய் என்றால் யாரும் பேரம்கூடப் பேச மாட்டாங்க.

போன ஆடியில் என் பேத்தி கழுத்தில் நானே அதில் ஒன்றைப் போட்டேன். ஒன்றரை வயசு, பல் முளைக்கிற நேரம். நாள் முழுக்க டாலர் வாயில்தான். பத்து நாளில் பூச்சு போய் உள்ளே சாம்பல் நிறம் தெரிஞ்சுது. தடுப்பூசி போட வந்த நர்சம்மா பார்த்துவிட்டு, "முதல்ல இதைக் கழட்டும்மா" என்றார். அன்றைக்கு அவர் சொன்னதையும், அப்புறம் நான் விசாரிச்சுத் தெரிஞ்சுகிட்டதையும்தான் இப்போ சொல்றேன்.

மலிவு நகையில் காரீயம் கலப்பது உண்டு. விலை குறைவு, 327 டிகிரியிலேயே உருகிடும், அச்சில் ஊற்றச் சுலபம், கையில் எடுத்தால் கனமாகவும் இருக்கும். (ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேற. அதிலும் காரீயம் கலந்து ஏமாற்றுகிறவங்க இருக்காங்க.) ரத்தத்தில் இவ்வளவு காரீயம் இருந்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவங்களைவிடக் குழந்தை உடம்பு அதை நாலைந்து மடங்கு இழுத்துக்கும். மூளை வளர்ச்சி குறையும், ரத்தசோகை வரும். இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து குறைந்த பிள்ளைக்கு இன்னும் அதிகமா ஏறும். கேழ்வரகும் கீரையும் கொடுக்கணும்தான். அதுக்காக டாலரை வாயில் விட்டுவிடலாம் என்று இல்லை.

2006-இல் அமெரிக்காவில் மினியாபொலிஸ் ஊரில் 4 வயசுப் பையன் ஒரு சின்ன இதய வடிவப் பதக்கத்தை விழுங்கி இறந்துபோனான். செருப்புக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த வளையலில் தொங்கினது அது. சோதிச்சால் நூற்றுக்கு 99 பங்கு காரீயம். மூணு லட்சம் வளையலைத் திரும்ப வாங்கினாங்க.

தங்கத்துக்கு வருவோம். 'கேடிஎம் நகை' என்று பெருமையாக வாங்கினோமே, அந்தக் கேடிஎம் கேட்மியம்தான். பற்றவைக்கும்போது எழும் புகை பத்தர்களுடைய நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஹால்மார்க் நகைப் பற்றவைப்பில் அது கூடாது. தங்கத்துக்கு முத்திரை இருக்கு, கவரிங்குக்கு அப்படி எதுவும் இல்லை. காரீயம் இருக்கா என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. கம்மல் போட்ட காது அரிச்சு நீர் வடிந்தால் பெரும்பாலும் நிக்கல். அது விஷம் ஏறினது இல்லை, ஒவ்வாமை. கழட்டிட்டால் அடங்கும்.

மீதி இருந்த குழந்தைச் செயின் 140-ஐ நான் விற்கவில்லை. மொத்தக் கடைக்காரர் திருப்பி எடுக்கவும் இல்லை. "பொழப்பைக் கெடுத்துக்கறியே" என்று எங்க குழுவிலேயே கேட்டாங்க. மூணு மாசம் பால் காசில்தான் தவணை கட்டினேன். இப்போ குழந்தைங்களுக்குத் துணி ஹேர்பேண்டும் ரிப்பனும் வைக்கிறேன். லாபம் பாதிதான்.

நம்ம கூட்டமைப்பில் ஃபேன்சி விற்கிறவங்க இன்னும் பல பேர் இருக்காங்க. கைப்பிள்ளைக்கு உலோக நகை விற்பதில்லை என்று எல்லோரும் சேர்ந்து தீர்மானம் போட்டால், நான் மட்டும் நஷ்டப்பட வேண்டியதில்லை. அதைக் கேட்கத்தான் மேடை ஏறினேன்.