கொந்தளிப்பும் விரைவு அயனிகளும்



மேற்குக் காற்று ஏலமலையைத் தாண்டிச் சரிவில் இறங்கும்போது, போடிமெட்டில் மூடுபனி சுழிசுழியாய்ச் சிதறுவதை இவ்வவையில் காணாதவர் இரார். பனித்துளி ஒவ்வொரு சுழிக்கும் இணங்கிப் போகும். பள்ளத்தாக்கின்மேல் அகன்று வட்டமிடும் பருந்தோ, ஒரே சுற்றில் பல சுழிகளைக் கடந்துவிடுகிறது. ஒன்று வெளியே தள்ள, மற்றொன்று உள்ளே தள்ள, மிஞ்சும் தள்ளல் சிறிது. பருந்துக்குச் சிறகும் விருப்பமும் உண்டு. அயனிக்கு இரண்டும் இல்லை. உவமை அவ்வளவில் நிற்கட்டும்.

கதிரவனில் நிகழும் அணுக்கரு இணைவை மண்ணில் நிகழ்த்த, டியூட்டிரியமும் டிரிட்டியமும் ஏறத்தாழ 15 கோடி டிகிரி வெப்பத்தில் பிளாஸ்மாவாக நிற்கவேண்டும். எக்கலமும் தாங்காத அவ்வெப்பத்தை வளைய வடிவான காந்தப்புலம் தாங்குகிறது. காந்திநகரில் 1989இல் இயங்கத் தொடங்கிய ‘ஆதித்யா’ இவ்வகைக் கருவியே. மின்னேற்றமுள்ள துகள் காந்தப்புலத்தில் வளையும் என்பதே இதன் அடிப்படை. போடிக்கு அருகே பொட்டிப்புரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் 50,000 டன் காந்த இரும்பும் இவ்விதியையே நம்பியிருந்தது. ஆனால் அங்கே வளைய வேண்டியது மியூவான். மின்னேற்றமற்ற நியூட்ரினோ அன்று.

பிளாஸ்மாவின் நடுவிலிருந்து விளிம்புக்கு வெப்பம் கசியப் பெரிதும் காரணம் நுண்கொந்தளிப்பு. அதன் சுழிகள் சில சென்டிமீட்டர் அகலமே. பிரான்சில் எழுந்துவரும் ‘ஈட்டர்’ கருவியின் 5.3 டெஸ்லா புலத்தில் எரிபொருள் அயனி சுற்றும் வட்டத்தின் ஆரம் 4 மில்லிமீட்டர் அளவு. ஆகவே சுழி அதை எளிதில் இழுத்துச் செல்லும். இணைவில் பிறக்கும் ஆல்பா துகளோ 35 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆரத்தில் சுழல்கிறது. சுழியைவிட வட்டம் பெரிது. இழுப்புகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. ஆற்றல் ஏற ஏறக் கொந்தளிப்பின் பிடி தளர்கிறது.

இது வெறும் வியப்புச் செய்தியன்று. இணைவு ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கே ஆல்பாவிடம் உள்ளது. எஞ்சியதை நியூட்ரான் வெளியே கொண்டுபோய்விடும். அந்த ஒரு பங்கு உள்ளே தங்கினால்தான் பிளாஸ்மா தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும். தங்காது ஓடினால் தீ அவியும். கலத்தின் சுவரும் புண்படும்.

அப்படியானால் விரைவு அயனிக்கு அச்சமே இல்லையா? உண்டு, அது வேறிடத்திலிருந்து வருகிறது. 1970இல் நோபல் பரிசு பெற்ற ஹானஸ் ஆல்வேன் கண்ட, காந்தக் கோடுகளை நாண்போல் அதிரச் செய்யும் அலைகள், அயனியின் சுற்றோட்டத்தோடு தாளம் பொருந்தினால் அதைக் கூட்டமாக வெளியே தள்ளிவிடும். தாறுமாறான சலசலப்புக்கு அசையாதது, தாளம் தவறாத அலைக்கு அசைகிறது. யாப்பு அறிந்தோர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

2023இல் பணி முடித்த இங்கிலாந்தின் ‘ஜெட்’ கருவி இன்னொன்றையும் காட்டியது. விரைவு அயனிகள் மிகுந்தபோது நுண்கொந்தளிப்பே தணிந்தது. ஆட்டுவிக்க வந்ததை அவை அடக்கின. ஆல்பா துகள்களே பிளாஸ்மாவைப் பெரும்பாலும் சூடாக்கும் நிலை ‘ஈட்டர்’ போன்ற பெருங்கருவியில்தான் வரும். அங்கும் இத்தணிவு நிலைக்குமா, அல்லது ஆல்வேன் அலைகள் முந்திக்கொள்ளுமா என்பது இன்னும் தீர்ப்புக்குக் காத்திருக்கும் வழக்கு.