தோபியாவின் நாய்
(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



செப்டம்பர் 29 அன்று அதிதூதர்களான மிக்கேல், கபிரியேல், இரபேல் மூவரின் திருநாளைக் கொண்டாடுகிறோம். மிக்கேல் என்றால் வாளும் கேடயமும் நம் நினைவுக்கு வரும். கபிரியேல் என்றால் அன்னை மரியா. இரபேலைப் பற்றிக் கேட்டால் நம்மில் பலர் கொஞ்சம் யோசிப்போம். அவர் வருவது தோபித்து நூலில். பிற சபைச் சகோதரர்களின் விவிலியத்தில் அந்த நூல் இல்லை. நம் விவிலியத்தில் இருந்தும் நாம் அதை அதிகம் திறப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

கதை இதுதான். பார்வை இழந்த தோபித்து, தொலைதூரத்தில் மேதியா நாட்டில் தான் கொடுத்து வைத்திருந்த வெள்ளியை வாங்கி வரத் தன் மகன் தோபியாவை அனுப்புகிறார். தாய் அழுகிறாள். வழித்துணைக்கு வந்த இளைஞர்தான் வானதூதர் இரபேல். ஆனால் அது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இருவரும் புறப்படுகிறார்கள். அவர்களோடு ஒரு நாயும் போகிறது. ஆறாம் அதிகாரத் தொடக்கத்தில் அது புறப்பட்டுப் போகிறது; பதினோராம் அதிகாரத்தில் அவர்கள் பின்னாலேயே வீடு திரும்புகிறது. அதற்குப் பெயர் இல்லை. அது எதையும் காப்பாற்றவில்லை, யாரையும் பார்த்துக் குரைக்கவும் இல்லை. திக்ரீசு ஆற்றங்கரையில் பெரிய மீன் ஒன்று துள்ளி வந்து தோபியாவின் காலைக் கவ்வப் பார்த்தபோதுகூட அந்த நாய் என்ன செய்தது என்று நூலில் ஒரு சொல் இல்லை. மீனைப் பிடிக்கச் சொல்கிறார் தூதர். பையன் பிடிக்கிறான். அந்த மீனின் பித்தப்பைதான் பிறகு தந்தையின் கண்ணுக்கு மருந்தாகிறது.

விவிலியத்தில் நாய்க்கு நல்ல பெயர் கிடையாது. பெரும்பாலான இடங்களில் அது வசைச்சொல். அப்படிப்பட்ட விவிலியத்தில் ஒரு பையன், ஒரு வானதூதர், ஒரு நாய் ஆகிய மூவரும் ஒரே சாலையில் நடக்கிறார்கள். நூலாசிரியர் அந்த நாயை விட்டுவிட்டு எழுதியிருந்தால் கதை ஒரு இம்மியும் குறைந்திருக்காது. ஆனால் அவர் விடவில்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் கொல்லிமலை அடிவாரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். காரவள்ளியிலிருந்து மேலே ஏறுவதற்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கு மலை கொள்ளாத கூட்டம் வரும். கூட்டம் இறங்கிப் போன மறுநாள், கீழ் வளைவு ஒன்றில் பின்னங்கால் நசுங்கிய நாய்க்குட்டியைப் பார்த்திருக்கிறான் இவன். கழுத்தில் நல்ல தோல்பட்டை இருந்ததாம். வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வளர்த்தது போதும் என்று தோன்றினால் மலைப்பாதையில் இறக்கிவிடுவது இப்போது சிலருக்கு வழக்கமாகிவிட்டது. சட்டையைக் கழற்றிச் சுற்றி வீட்டுக்குத் தூக்கி வந்தான். கால் ஒன்று போய்விட்டது, உயிர் தங்கியது.

பையனின் அப்பா போர்வெல் ரிக் வண்டியில் வேலைக்குப் போனவர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போகாத மாநிலம் இந்தியாவில் உண்டா? வடக்கே போனவர் முதலில் பணம் அனுப்பினார், அப்புறம் போன் மட்டும் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. பையன் ஆயாவிடம் வளர்கிறான். யாரிடமும் அதிகம் பேசமாட்டான். நாய் வந்தபின் அதனிடம் பேசுகிறான்.

மழை பெய்து குட்டைகள் நிறைந்த ஒரு சனிக்கிழமை, அவனோடு தூண்டில் போடப் போனேன். வெளிநாடுகளில் பாஸ் என்ற மீனைத் தூண்டிலில் பிடிப்பதைப் பெரிய விளையாட்டாகவே வைத்திருக்கிறார்கள். படகு, பரிசுப்போட்டி எல்லாம் உண்டு. நம் ஊரில் அந்த இடம் விராலுக்கு. புல்லோரம் பதுங்கியிருந்து சட்டென்று பாயும். இழுத்தால் சண்டை போடும். பையனிடம் மூங்கில் கழி, நரம்பு, ஒரு ரப்பர் தவளை. நாய் கரையில் மூன்று காலில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை கழியைக் கீழே வைக்கும்போதும் முள்ளைத் தக்கையில் குத்தி வைத்தான். ஏன் தம்பி என்று கேட்டேன். "நாய் நக்கும் சாமி, தொண்டையில மாட்டிக்கும்" என்றான். கரையில் யாரோ போட்டுவிட்டுப் போன அறுந்த நரம்பையும் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டான்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். புல்லோரம் செந்நிறத்தில் ஏதோ கொதிப்பது போலத் தெரிந்தது. விரால் குஞ்சுக் கூட்டம். கீழே பெரிய விரால் நிற்கும் என்பது மீன் பிடிக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில் தவளையை எறிந்தால் தவறாமல் கவ்வும், பசிக்காக அல்ல, குஞ்சைக் காப்பதற்காக. நான் பையனைப் பார்த்தேன். அவன் கழியைத் தூக்கி நரம்பைச் சுற்ற ஆரம்பித்தான்.

"தாய் நிக்குது சாமி. இத இழுத்துட்டா குஞ்சு எல்லாத்தையும் மத்த மீனு தின்னுப்புடும்."

"யாரு சொன்னாங்க தம்பி?"

"எங்கப்பா."

அப்புறம் அவன் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. இரண்டு ஜிலேபிக் கெண்டையோடு வீட்டுக்குத் திரும்பினோம்.

அவனுடைய ஆயாவிடம் ஊரில் ஒருவர் கேட்டாராம்: "ரேஷன் அரிசியில காலம் தள்ளுற வீட்டுல நாய்க்குச் சோறா?" இது ஒதுக்கித் தள்ளக்கூடிய கேள்வி அல்ல. நம் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2418-ஆம் எண்ணில் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு எதிரானது, மனிதரின் துயரைத் துடைக்கச் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகள்மேல் கொட்டுவதும் தகாது. நாய்க்குப் பிறந்தநாள் கேக் வெட்டுகிறவர்கள் இரண்டாவது பாதியைப் படிக்கட்டும். நாயைச் சாலையில் இறக்கிவிடுகிறவர்கள் முதல் பாதியைப் படிக்கட்டும். அந்த ஆயாவுக்கு இரண்டுமே தேவையில்லை. "முன்னெல்லாம் பானையை வழிச்சுத் தின்னுட்டுப் படுப்போம் சாமி. இப்ப இதுக்குன்னு ஒரு பிடி நிக்குது. அந்த நேரத்துல வேற யாராவது வந்தாலும் ஒரு பிடி இருக்குது" என்றார். மேசையிலிருந்து விழும் சிறு துண்டுகளைப் பற்றி ஆண்டவரிடம் வாதாடிய கானானியப் பெண்ணின் சாயல் அந்தப் பேச்சில் இருந்தது.

கொல்லிமலை என்றதும் சொல்லாமல் போகக்கூடாத ஒருவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் பிறந்து அந்த மலையில் வளர்ந்தவர். பெற்றோர் ஜெஸ்ஸி, ஈவ்லின் பிராண்ட் இருவரும் மலைமக்களிடையே உழைத்த மறைப்பணியாளர்கள். நம் சபையினர் அல்லர். ஆனாலும் அவர்கள் உழைப்பு நமக்கும் பாடம். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போன பால், தந்தையை மறுபடி பார்க்கவே இல்லை. 1929-இல் காய்ச்சலில் ஜெஸ்ஸி மலையிலேயே இறந்தார். மகன் மருத்துவராகி வேலூருக்கு வந்து தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். சில நோயாளிகளின் விரல்கள் இரவோடு இரவாகக் குறைவதற்குக் காரணம் தேடியபோது, தூங்கும்போது எலி கடிப்பதும், உணர்ச்சியில்லாததால் அவர்களுக்கு அது தெரியாமல் போவதும் தெரியவந்தது. அதற்கு அவர் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? வீட்டுக்குப் போகும் நோயாளியின் கையில் ஒரு பூனை. இலாசரின் புண்களை நாய்கள் நக்கிய உவமையை இதோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். பணக்காரர் வீட்டு வாசலில் அந்த ஏழையின் அருகில் வந்தவை அவை மட்டுமே.

இன்னொரு செய்தியும் உண்டு. அதிதூதர் திருநாளுக்கு முந்தின நாள், செப்டம்பர் 28, உலக வெறிநாய்க்கடி நோய் தடுப்பு நாள். 1895-இல் லூயி பாஸ்டர் இறந்த நாள் அது. 1885-இல் நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்கு முதல் தடுப்பூசி போட்டவர் அவர். நம் குன்னூரில் 1907 முதல் அவர் பெயரில் நிலையம் இருக்கிறது. இரபேல் என்ற பெயருக்குக் 'கடவுள் குணமாக்குகிறார்' என்று பொருள். இரண்டு நாட்களும் அடுத்தடுத்து வருவது தற்செயல்தான். இருந்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

நாய்மேல் இரக்கம் காட்டச் சொல்கிற அதே வாயால் இதையும் சொல்ல வேண்டும். நாய் கடித்தாலோ பிராண்டினாலோ மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். போட வேண்டிய ஊசிகளை ஒன்றுவிடாமல் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. நோய்க்குறி தெரிந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள். செப்டம்பர் 28-ஐ ஒட்டிப் பல கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் இருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையனும் தன் நாயைப் போன ஆண்டு முகாமுக்குக் கூட்டிப்போனான். பதிவேட்டில் நாயின் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அதுவரை அவன் பெயர் வைத்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உரிமையாளர் என்ற இடத்தில் தன் அப்பாவின் பெயரை எழுதச் சொன்னானாம்.