கவிதையும் பட்டமும்: அயோவா பல்கலைக்கழகத்தின் முதன்மைகள்



ஒரு பல்கலைக்கழகத்தின் பெருமையைக் கட்டடங்களாலும் மாணவர் தொகையாலும் அளப்பது உலக வழக்கு. அஃது எவருக்குக் கதவு திறந்தது, எதனைக் கல்வியென ஏற்றது என்னும் இரு வினாக்களால் அளப்பதே தக்கது. அமெரிக்காவில் மாநில அரசு நிறுவிய அயோவா பல்கலைக்கழகத்தின் வரலாறு இவ்விரு வினாக்களுக்கும் விடை தருகின்றது.

1846 டிசம்பர் 28இல் அயோவா ஒரு மாநிலமாயிற்று. 59 நாள்களில், 1847 பிப்ரவரி 25இல், பல்கலைக்கழகம் சட்டத்தால் நிறுவப்பெற்றது. வகுப்புகள் 1855இல் தொடங்கின. அப்போது பயின்ற 124 பேரில் 41 பேர் பெண்கள். ஆணையும் பெண்ணையும் சமமாகச் சேர்த்துக்கொண்ட முதல் அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகம் என்னும் சிறப்பு இதற்கு உரியது.

இரண்டாம் முதன்மை கவிஞர்க்கு நெருக்கமானது. 1922இல், மேற்பட்டப் படிப்புகளின் தலைவராக விளங்கிய கார்ல் சீஷோர், ஆய்வேட்டுக்கு ஈடாகப் படைப்பையும் ஏற்கலாம் என அறிவித்தார். அவர் கவிஞர் அல்லர், உளவியல் அறிஞர். கவிதையைப் பற்றி எழுதியவர் பெறும் பட்டத்தைக் கவிதை எழுதியவரும் பெறும் வழி இவ்வாறு பிறந்தது. 1936இல் எழுத்தாளர் பட்டறை உருவாயிற்று. வில்பர் ஷ்ராம் அதன் முதல் இயக்குநர். மாணவர் எழுதியதை உடன்பயில்வோரும் ஆசிரியரும் படித்துக் குறைநிறை கூறுவதே அதன் முறை. அவையோர் முன்னிலையில் நூலை வைத்துத் தடைகளுக்கு விடைகூறிய அரங்கேற்ற மரபை அறிந்த தமிழர்க்கு இது முற்றிலும் புதிதன்று.

ஆயினும் முதன்மைகளின் நிழலையும் காணவேண்டும். மார்கரெட் வாக்கர் என்னும் கறுப்பினப் பெண் கவிஞர் 1940இல் தம் கவிதைத் தொகுதியையே முதுகலைப் பட்டத்திற்கு அளித்தார். அதே ஆண்டில் எலிசபெத் கேட்லெட் சிற்பக்கலையில் பட்டம் பெற்றார். இருவர் படைப்பையும் ஏற்ற பல்கலைக்கழகம், கறுப்பின மாணவியரைத் தன் விடுதியில் ஏற்றது 1946இல்தான். கவிதைக்குத் திறந்த கதவு கவிஞருக்குத் திறக்கவில்லை. 1855இன் சமத்துவம் நிறைவுற மேலும் 91 ஆண்டுகள் தேவைப்பட்டன.

1967இல் பால் எங்கிளும், சீனத்தில் பிறந்த ஹுவாலிங் நியேயும் பன்னாட்டு எழுத்துத் திட்டத்தைத் தொடங்கினர். பல மொழி எழுத்தாளர்கள் ஓரிடத்தில் தங்கி எழுத அது வாய்ப்பளித்தது. 1973இல் அங்குச் சென்ற அசோகமித்திரன் அவ்வனுபவத்தை ‘ஒற்றன்’ என்னும் நாவலாக்கினார். பல்கலைக்கழகம் அமைந்த அயோவா நகரம் 2008இல் யுனெஸ்கோவின் இலக்கிய நகரமாயிற்று. 2025இல் அத்திட்டத்திற்கான அமெரிக்க அயலுறவுத் துறையின் நிதி நிறுத்தப்பட்டது. உலகப் புகழ் பெற்ற அமைப்பும் ஒரு கடிதத்தால் தளரக்கூடும் என்பதற்கு இது சான்று.

பட்டம் கவிஞனை உருவாக்குமா என்பர் சிலர். எழுத்தைக் கற்பிக்க இயலாது, இருக்கும் திறனை வளர்க்க இயலும் என்பதே அப்பட்டறையின் கொள்கை. ஒரே வகுப்பறையில் பயின்றோர் ஒரே சாயலில் எழுதத் தலைப்படுவர் என்னும் குறைகூறலும் புறக்கணிக்கத் தக்கதன்று. எனினும், கவிதை ஆராயப்படும் பொருள் மட்டுமன்று, அதுவே ஓர் அறிவு என ஒரு பல்கலைக்கழகம் ஒப்பியது சிறிய செயலன்று.

இவ்வட்டம் பட்டம் வழங்குவதில்லை. அரசு நிதியும் பெறுவதில்லை. பத்தாண்டுகளாகக் கவிதையைப் படித்து, கேட்டு, திருத்தி வந்துள்ளது. அந்த இரு வினாக்களும் இதற்கும் பொருந்தும். எதனைக் கவிதையென ஏற்றோம் என்பதற்கு இம்மலர் விடை கூறும். எவர் இன்னும் வாயிலில் நிற்கின்றனர் என்பதற்கு அடுத்த பத்தாண்டு விடை கூறட்டும்.